மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்: தொண்டுப் பணிக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

தேர்வு முடிகிற ஏப்ரல் மாதத்தில் என் கைப்பேசிக்கு ஒரே கேள்வி வேறு வேறு குரல்களில் வரும். “அண்ணா, லீவில் ஏதாவது சேவை செய்யலாம் என்று இருக்கிறேன். எங்கே போகலாம்?” நான் திருப்பிக் கேட்பது, “எத்தனை நாள் இருக்கிறது?” என்பதைத்தான். மறுமுனையில் சற்று அமைதி. அதுவரை பெரும்பாலும் அதை யோசித்திருக்க மாட்டார்கள்.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய் (பாசன ஏரி) வேலைகளுக்குத் தொண்டர்களைக் கூட்டிச் செல்வதும் அவர்களுக்குச் சோறு தண்ணீர் பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. அதற்கு முன் கல்லூரி முகாமில் நானும் மண் சுமந்தவன். பிறகு ஒருமுறை வெளிநாட்டு முகாமுக்கும் போய் வந்தேன். இந்த மூன்று இடங்களிலும் நான் செய்த, பார்த்த தவறுகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவற்றில் பலவற்றுக்கு வேர் ஒன்றுதான். நாம் போய் இறங்குவதற்கு முன்பே அந்த ஊர் இருந்தது, தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது என்பது நமக்கு மறந்துபோய்விடுகிறது.

முதலில் நாளை எண்ணுங்கள்

கையில் பத்து நாள் இருக்கிறது என்றால் உடலுழைப்புக்குப் போங்கள். வாய்க்கால் வெட்டுவது, பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கணக்கெடுப்புக்கு வீடு வீடாக ஏறி இறங்குவது போன்ற வேலைகளை நீங்கள் பாதியில் விட்டாலும் அடுத்தவர் தொடரலாம். பத்து நாளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுத் தருகிறேன் என்று கிளம்பாதீர்கள். பிள்ளைகள் உங்கள் பெயரைப் பழகுவதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். கற்பிக்கத்தான் ஆசை என்றால் உங்கள் தெருவிலேயே தொடங்குங்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ நடந்தது அப்படித்தான். வெளியூரிலிருந்து யாரும் வந்து இறங்கவில்லை. பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள் மாலையில் பிள்ளைகளைத் திண்ணையிலும் மரத்தடியிலும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வாரம் இரண்டு மாலை என்று ஒரு வருடம் கொடுக்க முடிந்தால், அது வெளியூரில் கழிக்கும் ஒரு மாதத்தைவிடப் பெரிது.

அடுத்து, கையில் என்ன தொழில் இருக்கிறது என்று பாருங்கள். கணக்கு எழுதத் தெரியுமா? மோட்டார் பழுது பார்க்கத் தெரியுமா? விண்ணப்பம் நிரப்பத் தெரியுமா? கிராமத்தில் இந்த மூன்றுக்கும் வரிசை நிற்கும். ஒருமுறை எங்கள் முகாமுக்கு வந்த வணிகவியல் மாணவி மண்வெட்டியைத் தொடவே இல்லை. ஊர் மகளிர் குழுவின் மூன்று ஆண்டுப் பதிவேட்டை உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தாள். வங்கி மேலாளர் அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் குழுவின் கடன் விண்ணப்பம் நகர்ந்தது.

உள்ளூர் வாசல்கள்

கல்லூரியில் இருக்கிறீர்கள் என்றால் நாட்டு நலப்பணித் திட்டம்தான் எளிய வாசல். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், நடுவே ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது கணக்கு. சான்றிதழுக்காகச் சேருகிறவர்கள்தான் அதிகம் என்பார்கள். இருக்கட்டும், நானும் அப்படித்தான் சேர்ந்தேன். திட்ட அலுவலரிடம் முதல் வாரமே போய், “நம் தத்துக் கிராமம் எது, போன வருடம் அங்கே என்ன செய்தோம்?” என்று கேளுங்கள். போன வருட வேலையைப் பற்றிப் பதில் வந்தால் அந்தப் பிரிவு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். குழுப் படம் மட்டும் வந்தால் நீங்கள்தான் கொஞ்சம் முட்டிமோத வேண்டியிருக்கும்.

கல்லூரிக்கு வெளியே இருப்பவர்கள் 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கப்பட்ட ‘மை பாரத்’ தளத்தில் பதிவு செய்யலாம். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கானது அது. மாவட்டங்களில் நடக்கும் இளைஞர் நிகழ்ச்சிகளும் அங்கே வரும். சென்னைக்காரர்களுக்கு ஏரி, குளம் சுத்தம் செய்யும் ஞாயிற்றுக்கிழமைக் குழுக்கள் நிறைய இருக்கின்றன. ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். சேறும் நாற்றமும் ஒத்துவருகிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

அமைப்பை நீங்களும் நேர்முகம் காணுங்கள்

தொண்டு நிறுவனம் உங்களைத் தேர்ந்தெடுப்பது இருக்கட்டும், அதை நீங்கள் முதலில் தேர்ந்தெடுங்கள். நிதி ஆயோக்கின் ‘என்.ஜி.ஓ. தர்பன்’ தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பதிவு இருந்தால் மட்டும் யோக்கியம் என்று ஆகிவிடாது. இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்கலாம். ஆண்டறிக்கை, தணிக்கைக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

அதைவிட முக்கியமாக நான்கு கேள்விகள் கேட்கச் சொல்வேன். இந்த வேலையைச் செய்யும்படி ஊரில் யார் கேட்டார்கள்? நான் வராவிட்டால் இதை யார் செய்வார்கள்? அந்த ஊரில் கூலிக்குச் செய்கிற ஒருவரின் பிழைப்பை நான் கெடுக்கிறேனா? நான் போன பிறகு இதைப் பராமரிக்கப் போவது யார்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நூறு நாள் வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நகரத்துப் பிள்ளைகள் இருபது பேர் அதே வாய்க்காலை இலவசமாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அந்தப் பெண்கள் எங்களைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அனாதை இல்லங்களில் தங்கித் தொண்டு செய்ய அழைக்கும் விளம்பரங்களைக் கண்டால் விலகிவிடுங்கள். கம்போடியாவிலும் நேபாளத்திலும் இதன் விபரீதம் வெளிச்சத்துக்கு வந்தது. வெளிநாட்டுத் தொண்டர்கள் கட்டும் பணத்துக்காகவே இல்லங்கள் முளைத்தன. அவற்றில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுப் போகிற அக்கா, அண்ணன்கள் மாறி மாறி வருவது எந்தக் குழந்தைக்கும் நல்லதல்ல.

ஊருக்குள் போவதற்கு முந்திய வாரம்

கிராம சபைக் கூட்டம் நடக்கும் நாளாகப் பார்த்து ஒருமுறை போய் வாருங்கள். தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும். பேச வேண்டாம், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, யார் பேசும்போது யார் குறுக்கே பேசுகிறார்கள், யார் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் எந்த அறிக்கையிலும் இருக்காது.

‘ஊர் கேட்டது’ என்று நம்மிடம் சொல்லப்படும்போது, அது கோயில் வாசலில் கூடிய ஒரு தெரு கேட்டதாக இருக்கலாம். காலனிக்குப் போகும் குழாய் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று நடந்து பாருங்கள். தங்க இடம் கொடுப்பது யார், அவர் வீட்டுத் திண்ணையில் காலனிக்காரர் வந்து உட்காருவாரா என்று பாருங்கள். உட்கார மாட்டார் என்றால் ஊர்க் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். இதைப் பேசினால் பிரச்சினை வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். பேசாவிட்டால் நாம் போடும் குழாயும் அதே இடத்தில் நின்றுபோகும்.

அனுமதியையும் இப்போதே வாங்கிவிடுங்கள். கண்மாய் என்றால், 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (அதன் தண்ணீர் பாயும் நிலம்) உள்ளது நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊர்த் தலைவர் “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னதை நம்பி இறங்கி, மூன்றாம் நாள் வேலையை நிறுத்திய அனுபவம் எங்களுக்கு உண்டு. கடிதத்தின் நகலைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

பைக்குள் என்ன

கனமான பை வேண்டாம். அடிப்பாகம் தடித்த காலணி கட்டாயம். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்கு வந்துவிடும். டெட்டனஸுக்கான டி.டி. ஊசி போட்டுக்கொண்டு கிளம்புங்கள். டார்ச், துண்டு, கைலி அல்லது தளர்ந்த உடை, முழுக்கைச் சட்டை, தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஆகியவை போதும். பெண்கள் கழிப்பறை எங்கே இருக்கிறது, அதற்குத் தாழ்ப்பாள் உண்டா, இரவில் யாருடன் தங்குவோம் என்பதைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்க வேண்டும். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் வீட்டிலேயே இருங்கள். பழைய துணி மூட்டை கொண்டுவராதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினச் சாலையோரங்களில் யாரும் உடுத்தாமல் குவிந்து கிடந்த துணிகளைப் பார்த்தவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை.

கரையில் முதல் நாள்

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் பாடத்தை இங்கேதான் கற்றேன்.

கல்லூரி முகாமில் எங்களுக்குக் கொடுத்த வேலை கண்மாய்க் கரையை உயர்த்துவது. ஐம்பது பேர், இருபது மண்வெட்டி, முப்பது இரும்புச் சட்டி. கண்மாயின் நடுவிலிருந்து மண் சுமந்து வந்து கரையில் கொட்ட வேண்டும். வெயில் ஏற ஏற நடை நீண்டது. எங்களில் ஒருவனுக்கு அறிவு வேலை செய்தது. கரையின் அடியிலேயே வெட்டிக் கரையின் மேலே போட்டால் பத்தடி தூரம்தானே? எல்லாரும் கைதட்டினோம். வேலை மூன்று மடங்கு வேகமாக ஓடியது.

பதினோரு மணி வாக்கில் தோளில் துண்டுடன் ஒரு பெரியவர் வந்தார். அந்தக் கண்மாயின் நீர்க்கட்டி. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதைத் தீர்மானிப்பவர். நாங்கள் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார், “தம்பி, இதன் காலை வெட்டித் தலையில் வைக்கிறீர்களே, நிற்குமா?”

அப்போதுதான் விளங்கியது. தண்ணீர் ஏறி நிற்கும்போது கரையைத் தாங்குவதே அந்த அடிப்பகுதிதான். அங்கே பள்ளம் இருந்தால் ஈரத்தில் கரை உள்பக்கமாகச் சரியும். வெட்டிய பள்ளத்தை மூடித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவதிலேயே மறுநாள் முழுக்கப் போனது. அன்று மாலை அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு கண்மாயைச் சுற்றி நடந்தார். மிகுந்த தண்ணீர் வழியும் கலுங்கு, வயலுக்குத் திறக்கும் மடை, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நடுவில் ஆழமாகத் தோண்டினால் என்ன என்று நாங்கள் கேட்டோம். மடையின் மட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் வயலுக்குப் போகாது, மாடு குடிக்க மட்டும்தான் ஆகும். அதற்கும் கீழே களிமண் படுகையை உடைத்துவிட்டால் அதுவும் நிற்காமல் இறங்கிவிடும் என்றார். தூர்வாருவதைவிட வரத்துக்காலை அடைத்திருக்கும் கருவேலத்தை எடுப்பதுதான் அவசரம் என்றும் சொன்னார். வழி அடைத்துக் கிடந்தால் கண்மாய் எவ்வளவு ஆழமாக இருந்து என்ன?

எங்கள் முகாமுக்கான திட்டத்தைப் போட்டபோது அவரிடம் யாருமே ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

ஆகவே முதல் நாள் மண்வெட்டியை எடுக்காதீர்கள். அந்த வேலையை இதுவரை செய்துவந்தவர் யார் என்று விசாரியுங்கள். கண்மாயில் அவர் நீர்க்கட்டி, குழாயில் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர், பள்ளியில் பெரும்பாலும் சத்துணவுக் கூடத்து அம்மா. அவரோடு ஒரு நாள் முழுக்க நடங்கள். கருவேலத்தை வெட்டுவதானால் வேரோடு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அடியில் வெட்டிவிட்டுப் போனால் ஒன்று இருந்த இடத்தில் நான்கு கிளைத்து வரும்.

மரம் நடுவது பற்றி ஒரு சிறு முணுமுணுப்பு. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால் எல்லாரும் அன்றைக்கு நடுகிறார்கள். எங்கள் பக்கத்துக்கு மழை வருவது ஐப்பசியில். ஜூன் மாதம் நட்ட கன்றுக்கு நான்கு மாதம் தண்ணீர் ஊற்றுவது யார்? பேனரைச் சுருட்டி வைத்துவிட்டுப் புரட்டாசிக் கடைசியில் வாருங்கள். கூடவே ஆட்டிடமிருந்து கன்றைக் காக்க முள்வேலிக்கும் ஆள் பாருங்கள்.

பிள்ளைகளும் படங்களும்

கைப்பேசியை முதல் இரண்டு நாள் பையிலேயே விடுங்கள். குழந்தைகளைப் படம் எடுப்பதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். எடுத்ததைப் பொதுவெளியில் போடுவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு குழந்தையோடு தனி அறையில் இருக்காதீர்கள். இது குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. ஏதாவது தவறாக நடப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி, தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம். “நம் நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும்” என்று யாராவது சொன்னால், அந்த நிறுவனத்திலிருந்து கிளம்பும் நேரம் வந்துவிட்டது.

கடல் தாண்டிப் போவதானால்

வெளிநாட்டுத் தொண்டு என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ். 1961இல் கென்னடி தொடங்கியது. அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும், அங்கே விண்ணப்பித்து நேரத்தை வீணாக்காதீர்கள். நமக்குத் திறந்திருக்கும் வாசல்களில் நான் நன்றாக அறிந்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பன்னாட்டுப் பணிமுகாம்கள். சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற இயக்கம் இந்த முறையின் தாய். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல், முதல் உலகப் போரில் சிதைந்துபோன பிரான்சின் வெர்தன் அருகே எஸ்ன் என்ற ஊரில் 1920இல் முதல் முகாமை நடத்தினார். நேற்று வரை எதிரிகளாக இருந்த நாட்டவர்கள் சேர்ந்து வீடு கட்டிக் கொடுப்பது என்பது எண்ணம். ஆனால் குழுவில் ஜெர்மானியர் இருந்ததை ஊராரால் சீரணிக்க முடியவில்லை. சில மாதங்களில் முகாமை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். இந்த முறையின் முதல் முகாமே ஊரின் மனம் ஒப்பாமல் நின்றுபோனது என்பதை நான் புதியவர்களுக்கு வேண்டுமென்றே சொல்வேன். அதே செரெசோல்தான் 1934 ஜனவரியில் பீகாரைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு வந்து, முசாபர்பூர் பக்கத்தில் வீடுகள் கட்டும் வேலையில் இறங்கினார். இன்றும் இந்த இயக்கத்தின் இந்தியக் கிளை வழியாக விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்கள். தங்குமிடமும் உணவும் அவர்கள் தருவார்கள். விமான டிக்கெட், விசா, பதிவுக் கட்டணம் உங்கள் செலவு.

இரண்டாவது, ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை உருவாக்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. 18 முதல் 26 வயதினருக்கு இளைஞர் தன்னார்வலர் என்ற பிரிவு உண்டு. தேர்வானால் வாழ்க்கைச் செலவுக்கான தொகை தருவார்கள். போட்டி கடுமை. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதன் இணையவழித் தன்னார்வப் பணியை. வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவுப் பதிவு போன்ற வேலைகளைச் சில வாரங்கள் செய்யலாம். ஊதியம் இல்லை, ஆனால் பழகிக்கொள்ள இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் பணம் கேட்பதில்லை. ‘நியமனக் கடிதம்’ அனுப்பிவிட்டு விசாக் கட்டணம் என்று கேட்கிறவன் மோசடிக்காரன்.

மூன்றாவது, ஜெர்மனியின் கூட்டாட்சித் தன்னார்வப் பணி. கட்டாய ராணுவச் சேவை நிறுத்தப்பட்டபோது, அதற்கு மாற்றாக இருந்த பொதுப்பணியின் இடத்தில் 2011 ஜூலையில் வந்தது. முதியோர் இல்லம், மழலையர் பள்ளி, மருத்துவமனை, மாற்றுத்திறனாளிகளுக்கான விடுதி ஆகியவற்றில் வழக்கமாக ஓராண்டு வேலை. கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் உண்டு, பல இடங்களில் தங்குமிடமும் கிடைக்கும். மொழி ஓரளவு தெரியாமல் விசா கிடைப்பது கடினம், ஆகவே விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்பே ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். கைச்செலவுப் பணம் கொடுத்து அழைக்கிற திட்டத்துக்கு நம்மூரில் சில முகவர்கள் லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கிறார்கள். அந்த நிறுவனங்களுக்கு நீங்களே கடிதம் எழுதலாம்.

கடல் தாண்டுவது என்றால் ஐரோப்பா என்றே இல்லை. இலங்கையில் ஏ.டி. ஆரியரத்ன 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனதொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்குக் கூட்டிச் சென்று தொடங்கியதுதான் சர்வோதய சிரமதான இயக்கம். சிரமதானம் என்ற சொல் ஈழத்துத் தமிழில் இன்றும் அன்றாட வழக்கு. கிணறு இறைக்கவும் வீதி திருத்தவும் கூடினால் அதுதான் பெயர். லண்டன், டொராண்டோவில் வளர்ந்த பிள்ளைகள் விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் போய் உதவ விரும்புவது நல்ல விஷயம். போவதற்கு முன் அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் பள்ளி நாட்காட்டியைக் கேளுங்கள். பள்ளி பூட்டியிருக்கும் மாதத்தில் ஆங்கிலப் புத்தகங்களோடு போய் நிற்பது வீண். இந்தியாவுக்கு வருகிறவர்கள் கவனிக்க: மின்னணுச் சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத தொண்டுக்கு ஒரு மாதம் வரைதான் இடம் உண்டு.

காகிதங்கள்

பாஸ்போர்ட்டை இன்றே விண்ணப்பியுங்கள். 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய். எனக்கு நேர்ந்த ஒரு தமிழ்த் தலைவலியைக் கேளுங்கள். கல்லூரிச் சான்றிதழில் என் பெயருக்கு முன் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. முகாம்காரர்கள் அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் அப்பாவின் பெயரில் நான் ஒரு ஆளாகவும், டிக்கெட்டில் வேறு ஒரு ஆளாகவும் இருந்தேன். விசா அலுவலகத்தில் இரண்டு பேரையும் ஒருவராக்க மூன்று வாரம் போனது, முகாமின் முதல் நான்கு நாளும் போனது. விண்ணப்பத்தின் முதல் வரியிலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

சுற்றுலா விசாவில் தொண்டு செய்யலாம் என்று யாராவது சொன்னால் அந்த நாட்டின் விதியை நீங்களே படியுங்கள். பிரிட்டனில் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு 30 நாள் வரை பார்வையாளர் விசாவில் உதவலாம், அதற்கு மேல் என்றால் தனி விசா. வேறு பல நாடுகளில் ஒரு நாள் கூட முடியாது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். போட்டுக்கொண்டு பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது உடலுழைப்பு வேலையில் அடிபட்டால் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குத் திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள்.

அங்கே போன பிறகு

ஐரோப்பியக் கிராமம் ஒன்றில் இரண்டு வாரமும் நான் செய்தது, பழைய சமூகக் கூடத்தின் ஜன்னல் சட்டங்களில் உரிந்த வண்ணத்தைச் சுரண்டியது மட்டுமே. சிவகங்கையிலிருந்து இவ்வளவு தூரம் இதற்கா வந்தேன் என்று மூன்றாம் நாள் சலிப்பு தட்டியது. எட்டு மணிக்கு என்றால் எட்டு மணிக்கே வேலை தொடங்கும். சமையல் முறைவைத்து. என் முறை வந்தபோது மிளகாயைப் பாதியாகக் குறைத்தும் ஒருத்தி கண்ணீர் விட்டபடிதான் சாப்பிட்டாள். அங்கேயும் எங்கள் நீர்க்கட்டியைப் போல ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற தச்சர். உப்புத்தாளை மரத்தின் வரிசைக்கு எதிராகத் தேய்த்த என் கையை, வார்த்தை எதுவும் இல்லாமல், பிடித்துத் திருப்பி வைத்தார். மொழி தெரியாத ஊரில் இப்படி ஒருவரைத் தேடிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பாதிச் சலிப்பு போய்விடும்.

மனம் சரியில்லை என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் ‘பத்திரமாக’ வைக்கக் கொடுக்காதீர்கள். நகல் ஒன்றை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன வேலை ஒன்று, அங்கே வாங்கும் வேலை வேறு என்றால் திரும்பி வருவதில் வெட்கம் எதுவும் இல்லை.

கிளம்பும்போது

கடைசி இரண்டு நாளைப் புது வேலைக்கு ஒதுக்காதீர்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன செய்தோம், எது பாதியில் நிற்கிறது, சாவி யாரிடம், மோட்டார் பழுது பார்ப்பவரின் எண் என்ன, கடையில் பாக்கி எவ்வளவு. வாங்கிய மண்வெட்டி, சட்டிகளை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். எங்கள் முதல் முகாமில் ஒரு கடப்பாரை தொலைந்தது. அந்தப் பெரியவர் வருடக்கணக்கில் அதைச் சொல்லிக் காட்டினார். “திரும்ப வருவோம்” என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், டிக்கெட் எடுத்துவிட்டால் தவிர.

உள்ளூர் வேலை என்றால் மழைக்குப் பிறகு உங்கள் சொந்தச் செலவில் ஒருமுறை போய் வாருங்கள். கார்த்திகை நடுவில் போனால் சரியாக இருக்கும். வரத்துக்காலில் தண்ணீர் வந்ததா, கரை எங்கேயாவது கசிகிறதா, நட்டதில் எத்தனை கன்று தலை நிமிர்ந்திருக்கிறது என்று பாருங்கள். நீர்க்கட்டியைத் தேட வேண்டாம், அந்த நேரத்தில் மடைப் பக்கம்தான் இருப்பார். பேச்சு நீளும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.